அருள்நாயகியின் சீனப் பெட்டிகள்

எந்தக் கடிதத்தையும் ஒரு தரம் முழுதாக வாசிக்காமல் அருள்நாயகி பெட்டியில் போடமாட்டார். வாசிக்கச் சொல்லி அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. லண்டன் கல்லூரியொன்றின் நிலவறையில், பழைய அனுமதிக் கடிதங்களைத் தூசு தட்டிப் புதுப் பெட்டிக்கு மாற்றி, ஆளுக்கு ஓர் அட்டை எழுதுவதுதான் வேலை. நாளுக்கு நாற்பது அட்டை வேண்டும் என்பது மேலதிகாரியின் ஆசை. இவர் இருபத்தைந்தைத் தாண்டுவதில்லை. கேட்டால், "எழுதின ஆக்கள் எல்லாம் செத்துப் போட்டினம். ஆராவது ஒருக்கா வாசிக்க வேண்டாமே?" என்பார்.

இந்த 1988இல் அவர் கையில் இருப்பவை சீனப் பெட்டிகள். முதலாம் உலகப் போருக்கு முன்னர், சீனாவில் படிப்பித்த பாதிரிமார் தங்கள் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதிய சிபாரிசுக் கடிதங்கள். ஒருவன் கணக்கில் புலியாம், ஆங்கிலம்தான் கொஞ்சம் இழுக்குமாம். இன்னொருவன் லண்டன் குளிரைத் தாங்குவான், கப்பலிலும் வாந்தி எடுக்கமாட்டான் என்று பாதிரியே உத்தரவாதம் கொடுக்கிறார். அருள்நாயகி தனியே இருந்து சிரிப்பார். சிரித்து ஓய்ந்ததும் முகம் வாடிவிடும்.

"பாத்தீரே சுலோ, இவங்களுக்கெண்டு எழுத ஒரு ஆள் இருந்திருக்கு."

அட்டைகளைத் தட்டச்சு செய்யும் சென்னைக்காரி சுலோச்சனாவுக்கு அந்தக் கதை மனப்பாடம். 1955இல், யாழ்ப்பாணத்தில், பள்ளி மாணவியான அருள்நாயகியைத் தலைமையாசிரியை கூப்பிட்டு, "உமக்காக லண்டனுக்கு எழுதிப்போட்டன்" என்றார். இதே கல்லூரிக்குத்தான். பதில் வரவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. முப்பது வருடம் கழித்து, புருசனையும் இழந்து, சண்டைக்குத் தப்பி லண்டன் நோர்பரியில் மகன் வீட்டுக்கு வந்தவர், பத்திரிகையில் இந்த வேலையைக் கண்டபின் வேறு எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. சேர்ந்த முதல் கிழமையே இலங்கைப் பெட்டிகளில் தன் பெயரை மூன்று தரம் தேடினார். இல்லை. அன்றிலிருந்து தலைமையாசிரியை மேல் தீராத கோபம். "எழுதாமலே எழுதினனான் எண்டு சொல்லிப்போட்டா." மாணவர்கள் ஏறும் முன்வாசலால் அவர் ஒருநாளும் வந்ததில்லை, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்துப் பின்கதவுதான். "அந்த வாசலால போக எனக்கு என்ன இருக்கு?"

ஒரு செவ்வாய்க்கிழமை லியு வென் ஷான் என்பவனின் கடிதம் கைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுக் கடிதம். பாதிரி மூன்று பக்கத்துக்கு மன்றாடியிருந்தார். கல்லூரி அனுப்பிய பதிலின் பிரதியைத்தான் காணவில்லை. அவன் வந்தானோ இல்லையோ என்று அருள்நாயகிக்கு இரண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ரயிலில் பொறி தட்டியது. சீனருக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். பாதிரிக்கு அது தெரியும். கடிதத்தின் தலையில் 'லியு' என்று கோடிட்டிருந்தார். லண்டன் எழுத்தருக்குத் தெரியாது. கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று பதிலை 'ஷான்' பெட்டியில் போட்டிருப்பார். போய்ப் பார்த்தார், இருந்தது. இடம் கிடைத்திருக்கிறது, வந்து சேர்ந்த தேதியும் ஓரத்தில் குறித்திருந்தது.

"என்னக்கா இவ்வளவு சந்தோஷம்! உங்க பிள்ளையே பாஸான மாதிரி!" என்றாள் சுலோச்சனா.

அருள்நாயகியின் கண் இலங்கைப் பெட்டிகள் மேல் நின்றது.

"சுலோ, நான் என்ர பேரிலதானே தேடினனான். இவங்கள் ஐயாவின்ர பேரில எல்லே போட்டிருப்பாங்கள்."

அப்பாவின் பெயர் தில்லையம்பலம். அந்தப் பெயரில் ஓர் உறை இருந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்றில் தலைமையாசிரியையின் சாய்வான கையெழுத்து: பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு மாணவியைத் தான் கண்டதில்லை என்று எழுதியிருந்தார். மற்றது ஜூலையில் கல்லூரி போட்ட பதிலின் பிரதி: இடம் உண்டு, செப்டம்பர் முடிவதற்குள் அறிவிக்கவும். விலாசத்தில் 'செல்வி தில்லையம்பலம்' என்று மட்டும் இருந்தது.

"அப்போ லெட்டர் உங்க வீட்டுக்கு வந்திருக்குக்கா!"

"ஓம். ஐயாவின்ர பேர் போட்ட கடிதத்தை வேற ஆர் உடைக்கிறது?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. "பாவம் ரீச்சர். இவ்வளவு காலமும் அவவை எல்லே திட்டினனான்" என்று அந்தச் சாய்வான கையெழுத்தை விரலால் தடவினார்.

அட்டையையும் அவரே எழுதினார். கடைசிக் கட்டத்தில் சேர்ந்த தேதியைப் போடவேண்டும். வராதவர்களுக்கு ஒரு கோடு. நெடுநேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கோட்டை இழுத்தார்.

மறுநாள் காலை நல்ல மழை. நேரம் தவறாத மனுசியைப் பின்கதவில் காணாமல் சுலோச்சனா குடையோடு முன்பக்கம் சுற்றி வந்தாள். மாணவர்கள் ஓடி ஏறும் அந்த அகலப் படிகளில், கோட்டுப் பொத்தான்கள் அத்தனையும் பூட்டி, சேலைக் கொய்யக மடிப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி அருள்நாயகி ஏறிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, கால்மிதியில் சப்பாத்தை இரண்டு தரம் துடைத்தார். பிறகு கதவைத் தள்ளினார்.