முக்கால் கப்

கள்ளக்குறிச்சியில் எங்கள் காபிக் கடை ஓர் உரக்கடைக்கு மேலே இருக்கிறது. கீழே பூச்சிமருந்து, மேலே எஸ்பிரெசோ. படியேறுகிறவர்கள் முதல் பாதியில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், மறுபாதியில் கையை எடுத்து இழுத்து மூச்சு விடுவார்கள், அந்த மூச்சில் காபி வாசனை அவர்களைப் பிடித்துவிடும் என்பது கடையைத் தொடங்கிய என் தோழியின் கணக்கு. பெரும்பாலோர் முதல் பாதியிலேயே இறங்கிவிட்டார்கள்.

தோழி பெங்களூரில் பேக்கரி வேலை கற்றுக்கொண்டு வந்தவள். நான் இன்ஸ்ட்ருமெண்டேஷன் படித்துவிட்டு ஒரு ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் மூடிப்போன ஒரு கடையிலிருந்து அவள் வாங்கி வந்த காபி மிஷினை ஓட வைக்கப் போனவள், அங்கேயே தங்கிவிட்டேன். எங்கள் ஊர் மின்சாரத்தில் அது ஸ்டெபிலைசர் இல்லாமல் கண் திறக்காது. நான் மிஷினை விட்டு நகர முடியாது, அவள் பிஸ்கட் வேகும் 'அவனை' (oven) விட்டு நகர முடியாது. அதனால் கடையில் செல்ஃப் சர்வீஸ். டோக்கன் நம்பரைக் கூப்பிடுவோம், அவரவர் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஊருக்கு எங்கள் மேல் இருந்த குறைகளை நான் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். காபி கசக்கிறது. வர நேரமாகிறது. காசும் கொடுத்துவிட்டுத் தட்டையும் நாமே தூக்க வேண்டியிருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. இட்லி இல்லை. கல்வராயன் மலைச் சாமையில் தோழி பிஸ்கட் செய்து, மலையின் படத்தோடு கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தாள். வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் சாமை மாவு கொண்டுவந்து தரும் அக்கா அந்த ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்கு ஒரு கிரீம் பன் கொடுக்கச் சொன்னார்.

கட்டடம் தோழியின் அப்பாவுடையது. உரக்கடையும் அவருடையதுதான். மகளுக்கு மாடியைக் கொடுக்கும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "வரன் அமையற வரைக்கும் நடத்திக்கோ பாப்பா. அப்பறம் மேல எனக்கு குடோன் வேணும்." சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்கள் இடமில்லாமல் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. அவர் மேலே வரும்போதெல்லாம் குழாய்களை எந்தச் சுவரோரம் அடுக்கலாம் என்று கண்ணாலேயே அளப்பார். எங்கள் காபியில் ஒருநாளும் வாய் வைத்ததில்லை. எதிர்க்கடையிலிருந்து அவருக்கு டீ வரும்.

கடையைக் காப்பாற்ற வந்தவர் ஒரு கல்யாணத் தரகர். ஜாதகப் பையை மடியில் வைத்துக்கொண்டு காலியான நாற்காலிகளைச் சுற்றிலும் பார்த்தார். "கூட்டமே இல்லியே, சோக்கா கீதும்மா" என்றார். அதுவரை யாரும் எங்களை அப்படிப் பாராட்டியதில்லை.

அவருடைய தொழிலில் பெரிய சிக்கல் வீடுதான் என்று விளக்கினார். பெண் பார்க்க வீட்டுக்கு வந்தால் தெருவே வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துக் கணக்குப் போடும். சம்பந்தம் கூடி வராவிட்டால், ஏன் என்று அடுத்த மாதம்வரை கேட்கும். எங்கள் கடையிலோ தெரிந்த முகம் ஒன்று இருக்காது. பேச்சு முறிந்தாலும் காபி குடிக்கப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். காபி கசப்பாக இருந்தது என்றும் சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையும்கூட.

அப்படித்தான் ஜன்னலோரப் பெரிய மேஜை பெண் பார்க்கும் மேஜையானது. தியாகதுருகத்துப் பெண், உளுந்தூர்பேட்டைப் பையன் என்று நல்ல நேரம் பார்த்து வந்தார்கள். ராகு காலத்தில் யாரும் வரமாட்டார்கள், அப்போது மிஷினைக் கழுவுவேன். நுரையில் இதயம் வரைய வேண்டாம் என்று தரகர் கேட்டுக்கொண்டார். முதல் சந்திப்பிலேயே முடிவு சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். இலை வரைந்தோம். அதை வெற்றிலை என்று எடுத்துக்கொண்டு பெரியவர்கள் திருப்தியானார்கள்.

மிச்சமிருந்தது தட்டு. நம்பரைக் கூப்பிட்டதும் பெண் தற்செயலாக எழுவது போல எழுந்து, கவுண்டருக்கு வந்து, எல்லோருக்கும் காபியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டில் நடப்பதேதான், ஏசி மட்டும் கூடுதல். கப்பைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்து நடந்தால் தளும்பாது என்று தோழி அந்தப் பெண்களுக்குத் தாழ்ந்த குரலில் சொல்லிக் கொடுப்பாள். என் பங்குக்கு நான் ஜன்னலோர மேஜைக்கு மட்டும் முக்கால் கப் ஊற்றினேன். படித்த படிப்பு பயன்பட்டது. ஒரு பெண்கூடச் சிந்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மேஜையில் தோழியின் அப்பா வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, பக்கத்தில் தரகர். எதிரே களமருதூரிலிருந்து வந்த ஒரு குடும்பம்: நிறைய நெல் நிலம், ஒரு அம்மா, ஒரு அப்பா, சட்டையில் கஞ்சி மொடமொடக்கும் ஒரு பையன். யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தோழியிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அந்த மேஜையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போல முக்காலில் நிறுத்தப் போனேன்.

"நிறைய ஊத்துடி" என்றாள்.

ஊற்றினேன். விளிம்புவரை. ஐந்து கப்பையும் தட்டில் வைத்துவிட்டு அவள் நம்பரைக் கூப்பிட்டாள். அவள் அப்பா சிரித்தபடியே, நீயே எடுத்து வா என்று கையைக் காட்டினார். அவள் இன்னொரு முறை அதே நம்பரைக் கூப்பிட்டாள், பஸ் ஸ்டாண்டு அறிவிப்பின் குரலில். தரகர் ஜாதகப் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். பையனின் அம்மா பையனைப் பார்த்தார். பழக்கமோ, பயமோ, பையன் எழுந்துவிட்டான்.

கவுண்டரிலிருந்து ஜன்னலுக்கு அதிக தூரம் இல்லை. ஆனால் மொத்தக் கடையும் பேச்சை நிறுத்திவிட்டு அவன் நடையைப் பார்த்தது. அவன் கப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தான், அதனால் தளும்பியது. அடுத்த மேஜையில் யாரோ ஒரு அம்மா, "நடை பரவால்ல, கைதான் நடுங்குது" என்று தீர்ப்புச் சொன்னார். தட்டை வைப்பதற்குள் சட்டையில் கஞ்சியோடு காபியும் சேர்ந்திருந்தது.

பையனின் அம்மா முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே, கல்யாணத்துக்கு அப்புறம் கடையை மூடிடுவியா என்று கேட்டார்.

"ராத்திரி ஒம்பது மணிக்கு மூடுவோங்க" என்றாள் தோழி.

வேண்டாம் என்ற பதில் தரகர் வழியாக மறுநாளே வந்துவிட்டது. பெண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரி மாதிரி நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றார்களாம். அப்பா மகளிடம் பேசுவதை நிறுத்தினார். நிபந்தனையை வேறு மாதிரி படிக்கத் தொடங்கினார்: வரனும் அமையாது, மரியாதையும் போயிற்று, எனில் குடோனாவது அமையட்டும். குழாய்ச் சுருள்கள் ஒவ்வொன்றாகப் படியேறின. முதல் சுருள் சாமை பிஸ்கட் ஜாடிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. தோழி அதைச் சுற்றித் துடைத்தாள். பிஸ்கட் 'அவனை' யாரிடம் விற்கலாம் என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். நான் மிஷினுக்கு ஆள் விசாரித்தேன்.

அந்த நேரத்தில்தான் உளுந்தூர்பேட்டையில் ஒரு காபிக் கடை திறந்தார்கள். மாடியில். ஜன்னலோரத்தில் பெரிய மேஜை. நுரையில் வெற்றிலை. முதலாளி, கஞ்சிச் சட்டைக்காரப் பையன். ஆலோசகர், நம் தரகர். அங்கே பெண் நடந்து வருவதற்கென்றே சிவப்புக் கம்பளம் விரித்திருக்கிறார்களாம்.

தோழியின் அப்பா உரக்கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து, நேராக மாடிக்கு வந்து, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். தோழி நம்பரைக் கூப்பிட்டாள். எழுந்து வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார். குடித்தார். கசப்பில் முகம் சுருங்கியது. ஆனாலும் முழுக் கப்பையும் முடித்தார்.

"அங்க குட்ச்சேன், கழனித்தண்ணி" என்றார். "பொண்ணு வேணாவாம், பொண்ணு கடை மட்டும் வேணுமா அவனுக்கு?"

மறுநாள் குழாய்கள் கீழே இறங்கின. படிக்கு அடியில் அதற்குள் உர மூட்டைகள் இடம் பிடித்துவிட்டதால் அவர் வீட்டு ஹாலுக்குப் போயின. 'ஒரிஜினல்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை படிக்கட்டில் ஏறியது. எதற்கு ஒரிஜினல் என்று அதில் இல்லை. மாப்பிள்ளை விஷயம் அவருக்கு மறந்துவிடவில்லை, ஒத்தி வைத்திருக்கிறார். களமருதூர்க்காரன் கடையை மூடும்வரை இந்தக் கடை மூடக்கூடாது என்பது இப்போதைய நிபந்தனை. ஆளுக்கு ஆள் அதைச் சொல்லி வைத்திருப்பதால் அவரால் பின்வாங்கவும் முடியாது.

இப்போது நல்ல நேரங்களில் அவர் மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறார். உளுந்தூர்பேட்டையில் பெண் தூக்குவதால் இங்கே பையன்தான் தூக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். எந்தக் குடும்பம் வந்தாலும், "நம்பர் கூப்ட்றாங்க பாருப்பா, போயி எடுத்துகினு வா" என்று மாப்பிள்ளையை எழுப்பி அனுப்புகிறார். தரகரும் வருகிறார். இரண்டு கடைக்கும் அவரே ஆலோசகர்.

நான் ஜன்னலோர மேஜைக்கும் முழுக் கப் ஊற்றுகிறேன்.