நத்தார்ப் பந்தியிலிருந்து எழுந்து போனவர்கள்

எங்கள் ஊர் வேதக் கோயிலில் இருப்பதற்கு நீள மர வாங்குகளும் இருந்தன, பாய்களும் இருந்தன. வாங்குகள் எங்களுக்கு. பாய்கள், எங்கள் வளவுகளில் தென்னை ஏறியும் தோட்டங்களில் வாழைக்குத் தண்ணீர் கட்டியும் பிழைத்த குடும்பங்களுக்கு. அவர்களும் எங்களைப் போல ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஞாயிறு தவறாமல் வருபவர்கள். ஆனாலும் பின்னால் நிலத்தில்தான் இருக்க வேண்டும். இராப்போசனத்தின்போது வாங்குக்காரர் எல்லாரும் கிண்ணத்தில் குடித்து முடித்த பிறகுதான் அவர்களுக்கு முறை வரும். ஏன் என்று கேட்டால், அதுதான் வழக்கம் என்பார்கள்.

ஐயா, அதாவது என் தகப்பனார், அந்தக் கோயிலின் மூப்பர்களில் ஒருவர். நீர்வேலியில் அவருக்கு வாழைத்தோட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டும் காலில் சப்பாத்துமாக முன் வாங்கில் இருப்பார். அவரை நீ வெறுத்தாயா என்று பிற்காலத்தில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. வெறுத்தேன். அவரிடம் நல்ல குணங்களும் இருந்தன. அவற்றைச் சொல்வதற்கு அவருடைய சவ அடக்கத்தில் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

முப்பதுகளின் நடுப்பகுதியில் நான் உடுவில் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, அங்கேயே விடுதியில் தங்கியிருந்தேன். கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு விடுமுறையில் வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஒரு செய்தி சொன்னார். எங்கள் வளவில் கள்ளுச் சீவும் மனிதர் கார்த்திகை மழையில் தென்னையிலிருந்து வழுக்கி விழுந்து செத்துப்போனார். கோயிலுக்குக் கூரை மாற்றியபோது கூலி வாங்காமல் ஏறி நின்று வேலை செய்தவர் அவர். அவருடைய உடலைப் புதைக்கக் கோயில் சவக்காலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஐயாவும் மற்ற மூப்பர்மாரும் வாசலில் நின்று மறித்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் கடலேரிக் கரையில், உவர் நிலத்தில் புதைத்தார்களாம்.

ஐயா விறாந்தையில் கதிரையைப் போட்டுக் கோட்டுக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்தார். நான் நேரே போய்க் கேட்டேன்.

"ஏன் ஐயா விடேல்லை?"

"சவக்காலைக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு, பிள்ளை. என்ரை தாய் தேப்பன் படுத்திருக்கிற இடம் அது."

"அந்தாளும் எங்கடை கோயிலாள்தானே?"

"கோயிலுக்கு வரட்டும், ஆர் வேண்டாமெண்டது? அதுக்காகப் பக்கத்திலை படுக்கேலுமே?"

அவர் குரலை உயர்த்தவில்லை. மழை வருமா என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் சொன்னார். அன்று எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

நத்தாரன்று காலையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. கோயிலுக்குள் சவுக்குக் கிளைகளும் நிறக்கடதாசித் தோரணங்களும் கட்டியிருந்தார்கள். எங்கள் ஆண்கள் கோட்டுப் போட்டிருந்தார்கள். இங்கிலீஷ் மெட்டில் பாட்டுகள் நடந்தன. எங்கள் போதகர் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த இளைஞர். சத்திரத்தில் இடம் கிடைக்காமல் மாட்டுக் கொட்டிலில் பிள்ளை பெற்ற ஏழைக் குடும்பத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். மூப்பர்மார் உருக்கமாகத் தலையாட்டினார்கள். ஒரு மாதத்துக்கு முன் பிணத்துக்கு இடம் கொடுக்காதவர்கள்தான் அவர்கள். அந்தக் குடும்பம் எங்கள் ஊர்ப் படலையைத் தட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த வாங்குகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

செத்தவரின் தங்கை புருஷனோடு வந்திருந்தாள். எங்கள் தோட்டத்தில் வாழை வெட்டுகிறவள், என்னிலும் சில வயது மூத்தவள். அன்று அவள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். இதில் என்ன என்று இன்றைக்குள்ளவர்கள் கேட்பார்கள். அவர்களுடைய பெண்கள் மேல்சட்டை போடக்கூடாது, மார்பில் குறுக்குக்கட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது ஊர் வைத்திருந்த கட்டளை. வாங்குகளில் இருந்த பெண்கள் பாட்டின் நடுவிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

இராப்போசனம் தொடங்கியது. போதகர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முன் வாங்குக்காரர் எழும்ப முன்னரே அவள் பாயிலிருந்து எழுந்து, நடு வழியால் நடந்து வந்து, மேசைக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். புருஷனும் பின்னால் வந்து நின்றான். போதகர் அப்பத்தைக் கொடுத்தார். பிறகு கிண்ணத்தை எடுத்தார்.

ஐயா எழும்பினார். "பாஸ்ரர், நிப்பாட்டுங்கோ."

"இது என்ட பந்தி இல்ல, மூப்பர்," என்றார் போதகர். "நிப்பாட்ட எனக்கு உரிமையில்ல."

அவள் கிண்ணத்தில் குடித்தாள். ஐயா குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் மற்ற மூப்பர்மார், அவர்களுடைய பெண்சாதிமார், பிள்ளைகள் என்று வாங்கு வாங்காக எழும்பிப் போனார்கள். ஆண்டவர் பிறந்த நாளில் ஆண்டவருடைய பந்தியை விட்டுப் போகிறோம் என்ற கூச்சம் ஒரு முகத்திலும் இல்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் கையை உதறிவிட்டு முன்னால் போய், அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, அதே கிண்ணத்தில் குடித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். மேசையில் எல்லாருக்கும் சோற்றுக் கோப்பை வைத்திருந்தது. எங்கள் ஏனத்தைத் தொடக்கூடாதவர்களுக்குப் போடுவதுபோல, எனக்கு மட்டும் விறாந்தையில் வாழையிலை. அம்மா அதில் சோற்றைப் போட்டுவிட்டுப் போனார். சமைக்கிற குசினிக்குள் என்னை விடவில்லை. அம்மாவின் தம்பி மதம் மாறாமல் சைவத்திலேயே நின்றவர், ஒவ்வொரு நத்தாருக்கும் எங்கள் வீட்டில் சாப்பிட வருவார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்ன அத்தான், இவ்வளவு காலமும் எங்கடை கோயிலுக்குள்ளை ஆக்களை விடுறேல்லையெண்டு ஏசினியள். உங்கடையிலையும் உதுதானே நடக்குது?"

மாமாவுக்கும் இதில் நியாயம் பேச வாயில்லை. அவருடைய கோயில் வாசலும் அவர்களுக்குப் பூட்டித்தான் இருந்தது. ஐயாவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

"வேதம் ஆத்துமாவுக்கு. சாதி சதைக்கு. இது ரண்டையும் குழப்பிறவள் இனி இந்த வீட்டு நத்தாருக்கு வர வேண்டாம்."

"நீங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டன்," என்றேன்.

இலையை எடுத்து எறிந்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு மழையோடு விடுதிக்குத் திரும்பினேன். எனக்குப் பேசியிருந்த கலியாணமும் அந்தக் கிழமையே நின்றது. அதில் எனக்கு நட்டமில்லை. நத்தாரன்று எழும்பி வெளியே போனவர்களில் மாப்பிள்ளையும் ஒருவர்.

மூப்பர்மார் மேலிடத்துக்கு முறையிட்டார்கள். உயிர்த்த ஞாயிறு வருமுன் போதகரை எங்கோ மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு அவரை நான் காணவில்லை. அடுத்து வந்த போதகர் கெட்டிக்காரர். ஒரே கிண்ணத்தில் குடிப்பதால் நோய் பரவும், ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் சுகாதாரம் என்றார். கொழும்பிலிருந்து கிண்ணங்களை வருவித்து வாங்குக்காரருக்குத் தனித் தட்டம், பாய்க்காரருக்குத் தனித் தட்டம் என்று வைத்தார்கள். ஐயா அந்தத் தட்டத்துக்கு நன்கொடை கொடுத்தாராம். சுகாதாரம் என்ற சொல்லை அதன் பிறகு என்னால் எரிச்சலில்லாமல் கேட்க முடிந்ததில்லை.

ஆனால் அந்த இரண்டாவது தட்டத்துக்கு ஆள் வரவில்லை. அவளும் புருஷனும் இன்னும் சில குடும்பங்களும் கோயிலை விட்டு விலகி, கடலேரிப் பக்கத்தில் தென்னோலைக் கிடுகால் கொட்டில் ஒன்று போட்டு, தாங்களே செபம் நடத்தத் தொடங்கினார்கள். அடுத்த நத்தாருக்கு நான் அங்கே போனேன். அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவள் வாசலிலேயே மறித்தாள்.

"ஏன் வந்தனீங்கள், ரீச்சர்?"

முன்பெல்லாம் என்னை நாச்சியார் என்பாள்.

"செபத்துக்கு," என்றேன்.

"அண்டைக்கு நீங்கள் கிண்ணம் குடிச்சது எனக்காகவோ? உங்கடை கொப்பரோடை இருந்த கோவத்துக்குத்தானே?"

"ஓம்," என்றேன். "கோவந்தான்."

"அண்டைக்குப் பின்னேரம் என்ரை மனுசனுக்குத் தோட்டத்திலை விழுந்த அடி உங்களுக்குத் தெரியுமே? எனக்கு வேலையும் போச்சு. உங்களை ஆரும் தொட்டவையே?"

புருஷனை அடித்தது எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில், எங்கள் ஆட்கள் அடித்திருக்கிறார்கள். எனக்கு வாழையிலையில் சோறு போட்டதையே பெரிய அவமானமாக ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாசலை விட்டு ஒதுங்கினாள். "நிண்டு கேக்கிறதெண்டால் கேளுங்கோ. சனத்துக்குப் புத்தி சொல்ல வெளிக்கிடாதேங்கோ. இஞ்சை எங்களுக்கு வாயிருக்கு."

அவளுடைய புருஷன் செபம் சொன்னான். சத்துருக்களை மன்னிக்கும்படி அவன் கேட்கவில்லை. அவர்களுடைய கையைத் தடுக்கும்படி கேட்டான். நான் அதுவரை எந்த மூப்பரின் வாயிலும் இவ்வளவு நேர்மையான செபத்தைக் கேட்டதில்லை. வெளியே பறை அடித்துத் தங்கள் மெட்டிலேயே பாடினார்கள். எங்கள் கோயிலில் பறையை வாசலுக்கும் விடமாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் அங்கேதான் போனேன். அவளும் நானும் சிநேகிதிகள் ஆகவில்லை. வந்தால் வாருங்கள் என்ற அளவில் வைத்திருந்தாள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒருநாள் அந்தக் கொட்டிலை யாரோ கொளுத்திவிட்டார்கள். யார் என்று எல்லாருக்கும் தெரியும், பொலிசுக்கு மட்டும் தெரியவில்லை. அந்த வருஷம் எங்கள் பழைய கோயிலில் குண்டு விழுந்த இங்கிலாந்து ஊர்களுக்காக நத்தார்க் காணிக்கை சேர்த்தார்களாம். கால் மைல் தூரத்தில் எரிந்ததைப் பற்றி அங்கே ஒரு செபமும் இல்லை.

அவர்கள் திரும்பக் கட்டினார்கள். இந்த முறை கிடுகு வேண்டாம் என்று தாங்களே சுண்ணக்கல் வெட்டி, நாற்பதுகளின் கடைசியில் சுவர் எழுப்பி ஓடு போட்டார்கள். கல் சுமக்க நானும் போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சும்மாட்டுத் துணி ஒன்றை என் பக்கம் எறிந்துவிட்டுத் தன் கல்லைத் தூக்கிக்கொண்டு போனாள்.