தம்பி இடுப்பில் கட்டிய ஓட்டைக் காலணா

கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு, எங்கள் தெரு முழுக்க அறுவடைக்குப் போகாமல் இருந்த நேரம். மிராசுதார் வீட்டம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகளுக்குக் காசு சேர்க்கும் பழக்கம் வரட்டும் என்று ஆளுக்கொரு ஓட்டைக் காலணாவைத் தானமாகக் கொடுத்தார். கடையில் செல்லாத காசு. எனக்குக் கிடைத்ததை அம்மா தம்பியின் அரைஞாண் கயிற்றில் கோத்துவிட்டார்.

சில நாள் கழித்து, தம்பியோடு போன அம்மாவுக்கு வாய்க்கால் கரையில் எதிர்ப்பட்ட அந்தம்மா அதைப் பார்த்துவிட்டார்.

“சேத்து வைக்கக் குடுத்தா இடுப்புல கட்டிவிட்டிருக்கியே. உங்களுக்குப் போய்க் குடுத்தேன் பாரு.”

அம்மா கயிற்றை அறுத்து, காசை அவர் உள்ளங்கையிலேயே வைத்தார். எங்கள் தெருக்காரர்கள் யாரும் தொடாத கை அது.

“நீங்களே வச்சுக்குங்க. நாங்க கேட்டது நெல்லுங்க.”

இன்று என்னிடம் பல நாட்டுக் காசுகள் இருக்கின்றன. ஓட்டைக் காலணா மட்டும் இல்லை. யார் அன்பாக நீட்டினாலும் வாங்குவதில்லை.