நேராக ஓடிய காரும் கோணலாக நின்ற ஸ்டியரிங்கும்

மே மாத வெயிலில் நின்ற எங்கள் காரின் ஸ்டியரிங், தொட்டால் தோசைக்கல்லாய்ச் சுடும். அம்மா ஈரத்துண்டால் அதை ஒற்றியெடுத்த பிறகுதான் ஏறி உட்காருவாள். சூடான ரெக்சினும் ஈரத்துணியும் கலந்து எழுகிற அந்த வாசனையில்தான், தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் விடுமுறைப் பயணங்கள் தொடங்கின.

அம்மா எஸ்தர் பெண்கள் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். அப்பாவுக்குக் கண்பார்வை குறைவு என்பதால், பழைய வெள்ளைக் காரை வாங்கியபோது ஓட்டக் கற்றுக்கொண்டது அவள்தான். திருநகரில் எங்கள் தெருவில் கார் ஓட்டிய ஒரே பெண்.

அந்த வருடம் சித்தப்பா, டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கென்று காரை வாங்கிப்போய் நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டார். மறுநாள் எங்களை ஏற்றிக்கொண்டு திருமங்கலம் சாலையில் போன அம்மா திடீரென்று பேச்சை நிறுத்தினாள். கார் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

"அது ஏற்கெனவே அப்பிடித்தான் இருந்துச்சு மதினி. நீங்க எங்கயாச்சும் இடிச்சிருப்பீங்க" என்று, வீடு திரும்பி அம்மா கேட்டபோது சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "இடிச்சிருந்தா சொல்லிரு எஸ்தர், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது சித்தப்பாவின் சிரிப்பல்ல, அப்பாவின் அந்தக் கனிவுதான். இரண்டே நாளில், ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளலாமே என்ற பேச்சும் வீட்டில் எழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா என்னைக் காலி மைதானம் ஒன்றுக்கு அழைத்துப்போனாள். காரை நேராக ஓட்டி, அப்போது ஸ்டியரிங்கின் உச்சி எங்கே இருந்ததோ அங்கே ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டினாள். "நான் முழுசாத் திருப்புறேன், நீ சுத்த எண்ணு" என்றாள். காரை மெல்ல நகர்த்தியபடி அவள் திருப்பத் திருப்ப நான் எண்ணினேன். இடப்பக்கம் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல். வலப்பக்கம் ஏறக்குறைய இரண்டு.

"ரெண்டு பக்கமும் சமமா இருந்தா, ஸ்டியரிங்க மட்டும் கோணலா மாட்டிட்டாங்கன்னு அர்த்தம். சமமா இல்லயே. அப்ப கோளாறு கீழ இருக்கு, சக்கரத்தத் திருப்புற கம்பியில" என்றாள். கரும்பலகை முன்னால் நிற்கும்போது வருகிற குரல் அது.

வில்லாபுரத்தில் பட்டறை வைத்திருந்த பாண்டி அண்ணன் முதலில் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஸ்டியரிங்கக் கழத்தி நேரா மாட்டிட்டாப் போச்சு டீச்சர், பத்து நிமிசம்."

"நேராத் தெரியும் அண்ணே, நேரா இருக்காது. கீழ பாருங்க."

காருக்கு அடியில் போனவர் வேறு முகத்தோடு வெளியே வந்தார். "இடப்பக்கக் கம்பி முனை புதுசு டீச்சர். சக்கரம் பள்ளத்துல நல்லா அடி வாங்கிருக்கு. மாத்துனவன் ஸ்டியரிங்க நடுவுல நிறுத்தாமலே சக்கரத்த மட்டும் நேர் பண்ணி விட்டுட்டான்." பிறகு ஸ்டியரிங்கை நேராக நிறுத்தி ஸீட்டோடு கயிற்றால் கட்டிவிட்டு, இருபக்கக் கம்பிகளின் நீளத்தையும் திருகித் திருகிச் சரிசெய்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "இம்புட்டு வருசத்துல சுத்து எண்ணிக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார். எண்ணியது நானல்லவா! அன்று என் கால்கள் தரையில் பாவவில்லை.

வீட்டில் அப்பாவோடு சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார். அம்மா எதையும் விளக்கவில்லை. சாவியைச் சித்தப்பாவிடம் நீட்டி, "மெயின் ரோடு வரைக்கும் ஒரு தடவ ஓட்டிட்டு வாங்க தம்பி" என்றாள். ஸ்டியரிங் நேராக நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார். "பள்ளத்துல எறங்கிருச்சு மதினி. ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துட்டேன்." அம்மா, "சரி, சாப்பிட வாங்க" என்றாள். அப்பாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டிரைவர் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவே இல்லை.

அந்தக் கார் கைமாறிப் பல வருடமாகிறது. மைதானத்தில் மாடிவீடுகள் எழுந்துவிட்டன. போன வாரம் என் காரின் சக்கரங்களை நேர்செய்யக் கொண்டுபோயிருந்தேன். கோணங்களையெல்லாம் கணினித் திரையே காட்டிவிடுகிறது. என்னோடு சேர்த்து வரிசையில் காத்திருந்த மூன்று பேரும் பெண்கள். எங்களில் ஒருவரிடமும் கடைக்காரர், "சார் வரலயா?" என்று கேட்கவில்லை.