முதுகைப் படம் பிடித்தவர்

போலந்துக்காரர் ஒருத்தர் கேமராவோடு எங்கள் பருத்திக்காட்டுக்கு வந்தார். காய்ந்த சோளத்தட்டை மாதிரி உடம்பு. ஒவ்வொரு படம் எடுத்ததும் ரோட்டைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார். நான் செத்தால் மாலை போட ஒரு படம் வேணுமே என்று பட்டுச்சேலை கட்டி, காதில் பாம்படம் போட்டு நின்றேன். மனுசன் முதுகை மட்டும் எடுத்தார்.

"ஏன்யா, என் மூஞ்சிக்கு என்ன குறை?"

அவர் பேச்சைத் தமிழில் சொல்லக் கூட வந்த பிள்ளை சொன்னாள்: "ஆச்சி, அவிய ஊர்ல அரசாங்கத்தை எதுத்து ஊர்வலம் போனவங்களை இவிய படம் எடுத்தாவளாம். அந்தப் படத்தை வச்சே போலீஸ் அவங்களைப் பிடிச்சிட்டாம். அதுலேருந்து யாரு மூஞ்சியையும் எடுக்கிறதில்லையாம்."

"பயந்த ஆளுக்குக் கேமரா எதுக்குட்டி? என்னை எந்தப் போலீஸ் தேடுது?"

அவள் அதை அவர் பாஷையில் சொன்னதும் மனுசன் தலையைக் குனிந்துகொண்டார். தூ, இதுவும் ஒரு ஆம்பளை.

தபாலில் படம் வந்தது. கொண்டையும் கரிசலும்தான். மாலை போட ஆகாது. ஆனாலும் மாட்டியிருக்கிறேன். பார்த்தால் நான்தான் அவருக்கு மூஞ்சி கொடுக்காமல் திரும்பி நிற்கிற மாதிரி இருக்கிறது.