பேர்ண் நிலையத்தில் ராகு காலம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். பேத்தி தரணி தன் மாப்பிள்ளையைத் தானே தேடிக்கொள்வாள் என்று சாதகம் பார்த்த சாத்திரியார் சொல்லிவிட்டார். அதைத் தடுக்க, சுவிஸின் லோசான் நகரில் ஒரு மாப்பிள்ளை பார்க்க அவளைக் கூட்டிப்போகிறேன்.

பேர்ண் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். ராகு காலம் என்று ஏறாமல், கோப்பிக் கடையில் நிற்கிறோம்.

“பழைய கிரேக்க நாடகங்களிலையும் இப்பிடித்தான், அம்மம்மா. விதிக்குத் தப்பி ஓடுற ராசா, ஓடின வழியிலையே அதிலை போய் விழுவான்,” என்கிறாள் தரணி.

“அவனுக்குப் புத்தி இல்லை.”

கடையில் நிற்கும் தமிழ் இளைஞன் என்னிடம், “ஆச்சி, சீனி போடவோ?” என்கிறான்.

“ஓம், ஒண்டு.”

தரணியின் கோப்பியில் கேட்காமலே மூன்று போடுகிறான். அவள் தண்டவாளத்தைப் பார்க்கிறாள். ரயிலை விட்டவள் நான்தான்.

தரணி, நான் எழுதிய இதை எனக்கு வாசித்துக் காட்டு. சீனி வரும் இடத்தில் உன் குரலைக் கவனிப்பேன்.