நான் மாட்டாத பூட்டு

2023 மார்ச் 14 ஆம் நாள், மால்மோ நகரிலுள்ள எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழு, முதல் தளத்தில் வசிக்கும் குன்னெல் ஓக்கர்பிளாட் அவர்களிடமிருந்து சலவை அறைப் பொறுப்பைப் பறித்தது. அதற்குக் காரணமாக ஒரே ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருந்தது: "பொது அறையைக் கொண்டு குடியிருப்போரிடையே அச்சம் பரப்பிய செயலுக்கு உடந்தையாக இருந்தார்." அச்சம் பரப்பியவன் நான் என்று அதே கடிதம் கூறுகிறது. என் பெயர் எப்பே; இரண்டாம் தளத்தில் இருக்கிறேன்; 'கீழ்த்தளம்' என்னும் கணினி விளையாட்டை உருவாக்கியவன். எங்கள் இருவரையும் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்பதும், செய்தவன் நானாயிருக்கத் தண்டனை அவருக்குப் போயிற்று என்பதும் நான் சுமத்தும் குற்றங்கள்.

என் முதல் முறையீட்டுக்குப் படிக்கட்டில் வாய்மொழியாகப் பதில் வந்தது: "பார்க்கலாம்." இரண்டாவதற்குத் தலையசைப்பு கிடைத்தது. ஆகவே இம்மூன்றாவது முறையீட்டை எல்லா உறுப்பினர்களின் பார்வைக்கும் வைக்கிறேன். குன்னெல் யார், நடந்தது என்ன என்பதைப் புதிதாகக் குடிவந்தவர்களும் விளங்கிக்கொள்ளும்படி முதலிலிருந்து சொல்கிறேன். கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், விளையாட்டின் பழைய பதிப்புகள் அனைத்தும் என்னிடம் உள்ளன, கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.

குன்னெல் தம் பணிக்காலம் முழுவதும் நகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற முதல் மாதம் அவர் ஜன்னலருகே நின்று, கீழே போகும் ஒவ்வொரு பேருந்தையும் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, "லேட்டு" என்றும் "சீக்கிரம் வந்துட்டான், அதுவும் தப்புதான்" என்றும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இலையுதிர்காலத்தில் சலவை அறைப் பொறுப்பு காலியாயிற்று. ஊதியமில்லாத வேலை. டிரையர் என்னும் துணி உலர்த்தும் இயந்திரங்களின் பஞ்சு வடிகட்டிகளைத் துடைக்க வேண்டும், பழுதானால் ஆள் அழைக்க வேண்டும், அவ்வளவே. குன்னெலோ அதை ஒரு புதிய வழித்தடமாக ஏற்றுக்கொண்டார். ஜோடி இழந்த காலுறைகளைக் கயிற்றில் வரிசையாக மாட்டி, 'பயணிகள் தவறவிட்டவை' என்று அட்டை எழுதினார். கூடையோடு நுழைபவர்களிடம், "உள்ள நகருங்க, உள்ள நகருங்க, அடுத்த ஸ்டாப் டிரையர்" என்பார்.

"சம்பளம் இல்லாம ஏன் இவ்வளவு பாடுபடுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மேல என் வீட்டுல ஃபிரிட்ஜ் மட்டும்தான்டா பேசும். இங்க வந்தா நாலு முகம் பார்க்கலாம்" என்றார்.

நம் கட்டடத்தில் நாலு முகம் பார்ப்பது எளிதல்ல. படிக்கட்டில் காலடி கேட்டால், கதவின் கண்ணாடித் துளை வழியே பார்த்து, ஆள் போன பிறகே வெளியே வருகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருவரையொருவர் தவிர்க்க முடியாத ஒரே இடம் அடித்தளத்திலுள்ள சலவை அறை. அங்கும் சண்டை வராமல் காப்பது பூட்டுப் பலகை. நாளும் நேரமும் கட்டம் கட்டமாகப் பிரித்த பலகை அது. வீட்டுக்கொரு பூட்டு, அதில் வீட்டு எண். எந்தக் கட்டத்தில் நம் பூட்டை மாட்டுகிறோமோ அந்த நேரம் நம்முடையது. அதன் சாவி நம் கையில் மட்டுமே இருக்கும். ஓடிப்போன கணவனை மன்னித்தவர்களை இந்தக் கட்டடத்தில் நான் அறிவேன். சலவை நேரத்தைத் திருடியவரை மன்னித்தவர் ஒருவரையும் அறியேன்.

நான் தளபாடக் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டே, நூலகப் புத்தகங்களைக் கொண்டு நிரல் எழுதக் கற்றவன். எந்தப் பள்ளியும் எனக்குச் சான்றிதழ் தரவில்லை. 'கீழ்த்தளம்' என் முதல் விளையாட்டு. நம் அடித்தளத்தையே மாதிரியாகக் கொண்டேன்: நீண்ட நடைவழி, குழாய்கள், பலகை, சலவை அறைக் கதவு. நடைவழியில் ஓர் அரக்கனையும் விட்டேன். அவன் பற்களை வரைவதிலேயே ஒரு குளிர்காலம் கழிந்தது. நண்பர்களை ஆடச் சொன்னபோது, பல் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள். அச்சமூட்டும் விளையாட்டைச் செய்தவனுக்கு அதைவிடக் கேவலமான பாராட்டு இல்லை. இத்தகைய விளையாட்டையே தொட்டிராத ஒருவர் தேவை என்று எண்ணி, ஒரு சனிக்கிழமை முற்பகல் குன்னெலை அழைத்தேன். காப்பியும் இலவங்கப்பட்டை பன்னும் வைத்தேன்.

அவர் கன்ட்ரோலரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதுல பிரேக் எங்க?"

"பிரேக் கிடையாது. இந்தக் குமிழைத் தள்ளினா நடக்கலாம். இந்தப் பொத்தானை அமுக்கினா கதவு திறக்கும்."

நடைவழியில் அரக்கன் வந்தான்.

"யாருடா இவன்? டிக்கெட் எடுத்தானா?"

"ஓடுங்க குன்னெல், கடிச்சிடுவான்!"

"கடிக்கட்டும். வெள்ளிக்கிழமை கடைசி வண்டியில இதை விட மோசமா பல்லைக் காட்டினவனையெல்லாம் காதைப் பிடிச்சு இறக்கி விட்டிருக்கேன்." திரை சிவந்தது. "செத்துட்டேனா? நல்லதாப் போச்சு. இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்து."

என் முகம் வாடியதைக் கண்டு, இரக்கப்பட்டு மறுபடி ஆட ஒப்புக்கொண்டார். இம்முறை வேறு வழியாகப் போய், அரக்கனைச் சந்திக்காமலே சலவை அறைக் கதவை அடைந்தார். அங்கே நின்றுவிட்டார். பன்னை மெல்லுவதும் நின்றது.

"எப்பே."

"ம்?"

"பதினாலாம் நம்பர் வீடு என்னோடதுதானே?"

"ஆட்டத்துல, ஆமா."

"என் பூட்டு என் கையில இருக்கு. இதோ, கீழே படத்துல தெரியுது. அப்ப பலகையில தொங்குற பதினாலு யாரோடது?"

எட்டிப் பார்த்தேன். இடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பூட்டை அங்கே மாட்டியிருந்தேன், எடுக்க மறந்துவிட்டேன். அதைச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"உள்ள டிரையர் இப்பத்தான் ஓடி நிக்குது. கேக்குதா? யாரோ நிறுத்தியிருக்காங்க."

"அது வெறும் சத்தம். உள்ள ஒண்ணுமே இல்ல, நான் இன்னும் வரையவே இல்ல. திறந்து பாருங்க."

"நீ திற."

"ஆடுறது நீங்க."

"அதைத்தான்டா சொல்றேன். சினிமான்னா கதவை அவங்க திறப்பாங்க, நான் கண்ணை மூடிக்குவேன். இங்க என் கட்டைவிரல்ல திறக்கணும். மாட்டேங்குது பாரு."

உண்மையிலேயே அந்த விரல் பொத்தானுக்கு மேலே அசையாமல் நின்றது. வெறிகொண்ட குடிகாரர்களைத் தனியாகச் சமாளித்தவர், வரையப்படாத ஓர் அறையின் முன் கன்ட்ரோலரைப் பன் தட்டில் வைத்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "முட்டாள்தனமா இருக்கு. ஆனாலும் திறக்க மாட்டேன்."

அன்று நான் கற்றதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அரக்கன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அவன் ஒரு தொல்லை மட்டுமே. தொல்லையைச் சமாளிக்க நமக்குத் தெரியும். நாம் சந்தேகமே கொள்ளாத ஒரு சிறு ஒழுங்கு ஓசையின்றி மீறப்பட்டிருப்பதைக் கண்டால், உலகத்தில் வேறு எதெல்லாம் மாறியிருக்கும் என்று மனம் தானாகவே கணக்கிடத் தொடங்குகிறது. அடுத்த அடியை வேறொருவர் நமக்காக எடுத்து வைக்கமாட்டார் என்பது அந்தக் கணக்கைப் பெருக்குகிறது. புத்தகத்தைப் பாதியில் மூடினாலும் அதன் கதை ஏற்கெனவே எழுதி முடிந்தே இருக்கிறது. விளையாட்டில் கதவு நமக்காகக் காத்திருக்கிறது.

அரக்கனை அழிக்க முடிவு செய்தேன்.

"பாவம்டா, அவனுக்கு வேற எங்கயாவது வேலை பார்த்துக் குடு" என்றார் குன்னெல். அதன்பின் சனிக்கிழமைதோறும் வந்தார். வடிகட்டியைத் தொட்டால் இன்னும் சூடாக இருக்க வேண்டும் என்றார். ஒரு நாள், "என் துண்டை நான் மடிக்கிற மாதிரியே யாரோ மடிச்சு வச்சிருந்தா எப்படி இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, தாமே கைகளைத் தேய்த்துக்கொண்டு மகிழ்ச்சியாகக் கூவினார். விளையாட்டின் முடிவில் பெயர்கள் வரும் இடத்தில் 'அச்ச மேற்பார்வை: குன்னெல் ஓக்கர்பிளாட்' என்று போட்டேன். நிர்வாகக் குழு காட்டும் ஒரே சான்று அந்த வரிதான்.

ஜனவரியில் விளையாட்டு வெளிவந்தது. நம் கட்டடத்தார் பலர் அதை ஆடினார்கள். அதன் விளைவு பட்டப்பகலில் தெரிந்தது. மூன்றாம் தளத்துச் செவிலியர் யாஸ்மினா கூடையோடு சலவை அறைக்குள் நுழைந்து வீறிட்டதை நானே படிக்கட்டிலிருந்து கேட்டேன்.

"நான்தான்மா, குன்னெல்!"

"எனக்கு எப்படித் தெரியும்? துண்டை வேற மடிச்சிட்டு நிக்கிறீங்க!"

நான் இறங்கிப் போவதற்குள் இருவரும் பெஞ்சில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் யாரும் தனியாகத் துணி துவைக்கப் போகவில்லை. கதவுத் துளை வழியே பார்த்துக் காலடி மறையக் காத்திருந்தவர்கள், இப்போது காலடி கேட்கக் காத்திருந்தார்கள். "கீழ போறீங்களா? நானும் வரேன்" என்னும் வாக்கியம் இந்தக் கட்டடத்தில் முதன்முதலாக ஒலித்தது. பல ஆண்டுகளாகப் பேசாத இரு வீட்டார் போர்வையின் இரு முனைகளைப் பிடித்து மடிப்பதைக் கண்டேன். குழுத் தலைவர் ஹோல்கர் ஃப்ரிட்லுண்ட் கண்டது வேறு: ஒருவருக்கு ஒதுக்கிய நேரத்தில் இருவர் இருப்பது விதிமீறல். மார்ச் கடிதம் அதிலிருந்து பிறந்தது.

ஏப்ரல் 23, ஞாயிறு பிற்பகல், ஆண்டுக் கூட்டத்தில் இதை எழுப்பினேன். ஹோல்கர் விளையாட்டை ஆடியதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

"ரத்தம் இல்ல, பேய் இல்லங்கிறீங்க. அப்ப ஜனங்க எதுக்குப் பயப்படுறாங்க?" என்றார்.

"அஞ்சு நிமிஷம் ஆடிப் பாரு ஹோல்கர்" என்றார் குன்னெல். "சாவியைத் திருப்பிக் குடுத்துட்டேன். போக வேற இடம் இல்லாம உக்காந்திருக்கேன். எதுக்காகன்னு நீயாவது தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"நான் ராணுவத்துல இருந்தவன்."

"சமையல்கட்டுல."

அவை சிரித்தது. விளையாட்டைத் திரையோடு கொண்டுவந்திருந்த என்னிடமிருந்து ஹோல்கர் கன்ட்ரோலரை வாங்கினார். விளையாட்டு வீட்டு எண் கேட்கும். தம் சொந்த எண்ணான மூன்றையே கொடுத்தார். நடைவழியில் மிடுக்காக நடந்தார். "இந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கணும்" என்றார்.

"நிஜச் சுவருக்கும்தான்" என்றார் யாஸ்மினா.

பலகை வந்தது. கையில் மூன்றாம் எண் பூட்டு; பலகையிலும் மூன்றாம் எண் பூட்டு. கதவுக்குப் பின்னால் இயந்திரம் மெல்ல ஓய்ந்தது. ஹோல்கரின் காப்பியில் ஆடை படிந்தது.

"பொத்தான் வேலை செய்யல" என்றார் அவர்.

"நீ இன்னும் அமுக்கவே இல்லையே" என்றார் குன்னெல்.

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"விரல் மேலயே நிக்குது ஹோல்கர்."

அவர் திரும்பி, தலைவருக்குரிய குரலில் அவையைப் பார்த்துக் கேட்டார்: "என் பூட்டைத் தொட்டது யாரு?"

எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. ஹோல்கரும் சற்றே சிரித்தார் என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். பிறகு அடுப்பை அணைக்கவில்லை என்று சொல்லிப் புறப்பட்டார். ஆனால் அவர் கையொப்பமிட்டு வந்த கூட்டக் குறிப்பில் 'விவாதம் நடைபெற்றது. முன்னைய முடிவு உறுதி செய்யப்பட்டது' என்று மட்டுமே இருக்கிறது.

மறு செவ்வாயன்று ஹோல்கர் கூடையோடு அடித்தளப் படியில் நின்றுகொண்டிருந்தார், இறங்காமல். மேலே வந்த குன்னெல் அவரைப் பார்த்தார். நான் அங்கே இருந்தேன்.

"யாருக்காகக் காத்திருக்க?"

"சும்மா நிக்கிறேன்."

"நட, நான் வரேன். உள்ள நகரு, உள்ள நகரு."

பொறுப்பைப் பறித்தவருக்கே துணையாக அவர் கீழே போனார். உள்ளே அடைத்திருந்த வடிகட்டியை, தமக்கு அதிகாரமில்லாததால், தொடாமல் ஹோல்கரிடம் காட்டி மட்டும் சொன்னாராம். ஹோல்கர் அதைத் திறக்கத் தெரியாமல் உடைத்துவிட்டார்.

ஆகவே என் கோரிக்கை இது. சலவை அறையில் உண்மையாகவே உள்ள எந்தப் பொருள் குடியிருப்போரை அச்சுறுத்துகிறது என்று குழு பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால் அதை என் விளையாட்டிலிருந்து அன்றே நீக்குகிறேன். குறிப்பிட இயலாவிட்டால் அறையின் சாவியைக் குன்னெல் ஓக்கர்பிளாட் அவர்களிடம் திருப்பித் தர வேண்டும். இரண்டில் எது என்பதை, குழு உறுப்பினர் அனைவரின் கையொப்பத்துடன், மே மாத இறுதிக்குள் எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்குமாறு கோருகிறேன்.